தூரவாணி நகரிலிருந்து ஏழாயிரம் ரூபாய் போன் வரை

இந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது (அம்பாசமுத்திரம் பக்கம்) பரண் சுத்தம் பண்ணுகிற வேலை என் தலையில் விழுந்தது. பித்தளைப் பானையை இறக்கத்தான் ஏறினேன். பழைய கல்யாணப் பத்திரிகைக் கட்டுக்கும் அப்பாவின் எல்.ஐ.சி. பைக்கும் நடுவே ஒரு மஞ்சப்பை. உள்ளே அம்மாவின் முதல் ஸ்மார்ட்போன், சார்ஜரோடு. 2014 தீபாவளிக்கு நான் பெங்களூரிலிருந்து வாங்கிக்கொண்டு போனது. ஏழாயிரத்துக்குச் சில்லறை குறைவு. கம்பெனி பேர் வேண்டாம், பாவம், அந்த விலைக்கு அது உழைத்த உழைப்பு அதிகம்.

சார்ஜில் போட்டு அரை மணி நேரம் கழித்து உயிர் வந்தது. வந்ததும் முதல் வேலையாக, சேமிப்பிடம் தீர்ந்துவிட்டது என்று ஆங்கிலத்தில் ஓர் அறிவிப்பு. அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் அந்த ஒரு வரியை மட்டும் முகம் பார்த்தே அடையாளம் கண்டுகொள்வார்கள். "எய்யா, எடம் இல்லங்குது" என்று வாரம் ஒருமுறை எனக்குப் போன் வரும்.

வாட்ஸப் திறக்கவில்லை. ஆண்ட்ராய்டு 4.4-க்கு 2025 ஜனவரி 1-லிருந்து வாட்ஸப் கதவைச் சாத்திவிட்டது. கேலரி மட்டும் திறந்தது. அதில் என்ன இருந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் கொஞ்சம் கொசுவத்தி சுத்த வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள் மக்களே.

*

பொட்டி தட்டுவதற்காக நான் பெங்களூர் வந்தது 2002-ல். முதலில் வாடகைக்கு இருந்தது கே.ஆர்.புரம் பக்கம், தூரவாணி நகரை ஒட்டி. தூரவாணி என்றால் கன்னடத்தில் தொலைபேசி. ஒரு பேட்டைக்கே தொலைபேசி நகர் என்று பேர் வைத்திருக்கிறார்களே என்று முதலில் சிரித்தேன். பிறகுதான் தெரிந்தது, சும்மா வைத்த பேர் இல்லை. சுதந்திரம் வந்த அடுத்த வருஷமே, 1948-ல், ஐ.டி.ஐ. எனப்படும் இந்தியன் டெலிபோன் இண்டஸ்ட்ரீஸ் அங்கே தொடங்கப்பட்டது. சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத்துறை நிறுவனம் அதுதான். பழைய படங்களில் கதாநாயகி விரலை விட்டுச் சுற்றுகிற கறுப்புத் தொலைபேசி ஞாபகம் இருக்கிறதா? நாடு முழுக்க வீட்டிலும் ஆபீசிலும் இருந்த அந்த வகைப் போன்களில் பெரும்பங்கு இந்தப் பேட்டையிலிருந்து போனதுதான்.

என் வீட்டு ஓனர் அங்கே வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். தமிழர், வேலூர் பக்கம். ஐ.டி.ஐ., எச்.ஏ.எல்., பி.இ.எல்., எச்.எம்.டி. என்று பெங்களூரின் பொதுத்துறை ஆலைகளுக்கு அந்தக் காலத்தில் வேலைக்கு வந்த தமிழர்கள் ஏராளம். மென்பொருள் கும்பல் வருவதற்கு ஒரு தலைமுறை முன்னாலேயே இந்த ஊருக்கு வந்து, கன்னடம் கற்று, வீடு கட்டி உட்கார்ந்தவர்கள். அவர் வீட்டு ஹாலில் அந்தக் கறுப்பு போன் ஒன்று இருந்தது. வேலை செய்யாது. எடுக்கவும் விடமாட்டார்.

அந்தப் போனைப் பற்றி அவர் சொன்ன கதைதான் இந்தப் பதிவுக்கே காரணம்.

சின்ன வயசுக்காரர்களுக்கு பி.பி. நம்பர் என்றால் தெரியாது. அப்போதெல்லாம் முகவரி எழுதி, போன் நம்பர் எழுதி, பக்கத்தில் பி.பி. என்று போடுவோம். அது நம் போன் இல்லை, பக்கத்து வீட்டுப் போன் என்று அர்த்தம். 1991-ல் நாட்டில் நூறு பேருக்கு ஒரு தொலைபேசிகூடக் கிடையாது. விண்ணப்பித்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். போன் இருக்கிற வீட்டுக்காரர் தெருவுக்கே தபால்காரர் மாதிரி. ஓனர் ஐயா வீட்டு நம்பர் அந்தத் தெருவில் பல தமிழ்க் குடும்பங்களுக்கு பி.பி.

அதே 1991 டிசம்பர். காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்காலத் தீர்ப்பு மத்திய அரசிதழில் வெளியானதும், 12, 13 தேதிகளில் பெங்களூரில் தமிழர்கள் மீது கலவரம் வெடித்தது. மக்கள் பின்பக்கச் சுவர் ஏறிக் குதித்து ஐயா வீட்டுக்கு வந்தார்களாம். ஊருக்கு ஒரு தகவல் சொல்ல வேண்டும். லைன் கிடைக்கிறவரை ஹாலில் உட்கார்ந்திருப்பார்கள். கிடைத்தால் ஆளுக்கு ஒரு நிமிஷம். "நல்லாருக்கோம், வைக்கிறேன்." அவ்வளவுதான். அந்தப் பக்கம் எடுப்பவரும் சொந்தக்காரராக இருக்கமாட்டார். ஊரிலும் பி.பி. தானே! அரிசி மில்காரரோ மளிகைக் கடைக்காரரோ எடுப்பார். அவர் சைக்கிளில் ஒரு பையனை அனுப்பி, "ஒங்க மகன் நல்லாருக்கானாம், போன் பண்ணான்" என்று வீட்டில் சொல்லச் சொல்வார்.

பெங்களூரில் எரிந்தது என்ன, எந்தத் தெருவில் என்ன நடந்தது என்பதெல்லாம் ஊரில் இருந்த அம்மாக்களுக்கு அன்று ராத்திரி தெரியாது. மறுநாள் பேப்பரில் பார்ப்பார்கள். ஆனால் அதற்கு முன்னால் மகன் நல்லாயிருக்கிற சேதி வந்துவிட்டிருக்கும். நடுவில் இரண்டு மனிதர்கள் இருந்தார்கள், எதைச் சொல்வது, எப்படிச் சொல்வது என்று தெரிந்தவர்கள்.

இதை ஞாபகத்தில் வையுங்கள்.

*

இனி மல்லேஸ்வரம் பக்கம் போவோம். டாடா இன்ஸ்டிட்யூட் என்று பழைய ஆட்கள் சொல்கிற இந்திய அறிவியல் கழகம். 1998 அக்டோபரில், வளரும் நாடுகளுக்கான தகவல் தொழில்நுட்பம் பற்றி பெங்களூரில் ஒரு கருத்தரங்கு நடந்தது. கணினி என்றால் ஆங்கிலம் தெரிந்த, பணம் இருக்கிற ஆளுக்கு மட்டும்தானா என்ற கேள்வி அதில் எழுந்தது. கழகத்தின் கணினித் துறையைச் சேர்ந்த விஜய் சந்துரு, சுவாமி மனோகர், ரமேஷ் ஹரிஹரன், வி. வினய் ஆகியோரும், என்கோர் என்ற பெங்களூர் மென்பொருள் நிறுவனத்தில் வினய் தேஷ்பாண்டே தலைமையில் இருந்தவர்களும் சேர்ந்து ஒரு கருவியை யோசித்தார்கள். எளிமை, மலிவு, பன்மொழி. ஆங்கிலத்தில் இந்த வார்த்தைகளின் முதலெழுத்துகளைக் கோத்து வந்த பெயர் சிம்ப்யூட்டர்.

2001 ஏப்ரலில் முன்மாதிரியைக் காட்டினார்கள். உள்ளங்கையில் அடங்கும். விரலாலோ குச்சியாலோ தொட்டு இயக்கும் திரை, 320க்கு 240 புள்ளிகள், கறுப்பு வெள்ளை. 206 மெகாஹெர்ட்ஸ் ப்ராசசர். உள்ளே லினக்ஸ். எழுதப்படிக்கத் தெரியாதவருக்கு இந்திய மொழிகளில் வாய்விட்டுப் படித்துச் சொல்லும். இலக்கு விலை 9,000 ரூபாய்.

ஒன்பதாயிரம் ரூபாய் அன்றைக்கு ஏழைக்கு மலிவு இல்லை, அது அவர்களுக்கும் தெரியும். அதற்கு அவர்கள் கண்டுபிடித்த வழிதான் சிம்ப்யூட்டரிலேயே எனக்கு மிகவும் பிடித்த விஷயம். கருவி ஊருக்குப் பொது, ஆளுக்கு ஒரு ஸ்மார்ட் கார்டு. கார்டைச் செருகினால் அது உங்கள் கணினி, உங்கள் கணக்கு, உங்கள் விவரம். எடுத்தால் அடுத்தவருடையது. பஞ்சாயத்து ஆபீசிலோ பள்ளிக்கூடத்திலோ கடையிலோ ஒன்று இருந்தால் ஊருக்கே போதும். அதாவது கறுப்பு போனின் பி.பி. நம்பர் ஏற்பாட்டைத்தான் கணினிக்குக் கொண்டுவந்தார்கள். தெருவுக்கு ஒரு போன் என்று வளர்ந்த தலைமுறைக்கு ஊருக்கு ஒரு கணினி என்று தோன்றியது இயல்புதானே.

உலகப் பத்திரிகைகள் கொண்டாடின. ஆனால் விற்பனைக்கு வரத்தான் நாளாயிற்று. பேராசிரியர்கள் தொடங்கிய பிகோபீட்டா கம்பெனியும், ஜாலஹள்ளியில் இருக்கிற பி.இ.எல்.லும் (ஓட்டு எந்திரம் செய்கிறார்களே, அவர்களேதான்) சேர்ந்து, அமிடா என்ற பெயரில் 2004 மார்ச்சில் கொண்டுவந்தார்கள். ஆரம்ப விலை 9,950 ரூபாய். கருவியைச் சாய்த்தால் பக்கம் புரளும் வசதி அதில் இருந்தது. ஐபோன் வந்தது 2007-ல் என்பதை நினைவுபடுத்துகிறேன், பெருமைக்காகத்தான் :-)

விற்கவில்லை. முதல் வருஷத்தில் 50,000 போகும் என்று எதிர்பார்த்தார்கள், போனது சுமார் 4,000. காரணம் கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். அரசாங்கம் மொத்தமாக வாங்கவில்லை என்பார்கள். உதிரிபாகம் எல்லாம் இறக்குமதி, கொஞ்சமாக வாங்கினால் விலை இறங்காது என்பார்கள். எல்லாம் சரிதான். ஆனால் என் கணிப்பு வேறு. 2003-ல் ரிலையன்ஸ் 501 ரூபாய் கட்டினால் கையில் போன் என்று விற்றது. அதே வருஷம் டார்ச் லைட்டோடு நோக்கியா 1100 வந்தது. அதில் கணினி இல்லை, தமிழ் பேசாது, ஒரு மண்ணும் செய்யாது. ஆனால் அது சொந்த போன். வேறு யாரும் தொடத் தேவையில்லாத போன். ஏழைக்குப் பொதுவில் ஒன்று போதும் என்று நல்ல மனசோடு நினைத்தவர்கள், ஏழைக்கும் சொந்தமாக ஒன்று வேண்டியிருக்கும் என்பதை யோசிக்கவில்லை. (சிம்ப்யூட்டரில் பேசவும் முடியாது என்பது வேறு விஷயம். ஊரை விட்டு வந்தவனுக்கு முதலில் பேச வேண்டும். அப்புறம்தான் மற்றதெல்லாம்.)

*

ஆண்ட்ராய்டு இந்தியாவுக்கு 2009-ல் வந்தபோது, எச்.டி.சி. மேஜிக்கின் விலை கிட்டத்தட்ட 30,000 ரூபாய். எங்கள் ஆபீசில் மேனேஜர் ஒருவர் கொண்டுவந்து மேஜையில் வைப்பார், நாங்கள் சுற்றி நின்று பார்ப்போம். 2011 கடைசியில் சாம்சங் கேலக்ஸி ஒய் எட்டாயிரத்தை ஒட்டிய விலையில் கிடைத்தது. 832 மெகாஹெர்ட்ஸ். அதன் திரையில் எத்தனை புள்ளி தெரியுமா? 240க்கு 320. சிம்ப்யூட்டரின் திரையேதான், நிமிர்த்தி வைத்து வண்ணம் பூசியது போல! பத்து வருஷம் கழித்து அதே திரை, அதைவிடக் குறைந்த விலை, கூடவே போன், கேமரா, இணையம்.

எப்படி முடிந்தது? ஆண்ட்ராய்டு இலவசம் என்பது பாதிக் காரணம். மீதிப் பாதி, தைவானின் மீடியாடெக். அது சிப்பை மட்டும் விற்கவில்லை. சிப், அதைச் சுற்றிய சர்க்யூட் படம், மேலே ஓடுகிற மென்பொருள் எல்லாவற்றையும் தைத்து முடித்த சட்டை மாதிரி கொடுத்தது. ஷென்ஜென் ஆலையில் சொல்லி, பின்பக்கம் நம் பெயரை அச்சடித்துக்கொண்டால் நாமும் போன் கம்பெனி. மைக்ரோமேக்ஸ், லாவா, கார்பன் எல்லாம் இப்படி எழுந்தவைதான். கிரிக்கெட் பார்த்தவர்களுக்கு கார்பன் பெயர் மறந்திருக்காது. அதில் பாதி பெங்களூர்க்காரர்களுடையது. டெல்லியின் ஜைனா குழுமமும் பெங்களூரின் யு.டி.எல். குழுமமும் 2009-ல் சேர்ந்து தொடங்கியது.

மலிவு போனின் சரித்திரத்தில் ஒரே ஒரு வருஷத்தைச் சொல்லச் சொன்னால் நான் 2014 என்பேன். பிப்ரவரியில் மோட்டோ ஜி 12,499 ரூபாய்க்கு, மே மாதம் மோட்டோ இ 6,999-க்கு. இரண்டும் கடையில் கிடையாது, பெங்களூரின் ஃப்ளிப்கார்ட்டில் மட்டும். ஜூலையில் ஷாவ்மி வந்தது, அதுவும் ஃப்ளிப்கார்ட். செப்டம்பரில் அவர்களுடைய 5,999 ரூபாய் ரெட்மி 1எஸ், 40,000 போன்கள் 4.2 விநாடியில் தீர்ந்தன. பத்து வருஷத்துக்கு முன் இதே ஊரில் செய்த கையடக்கக் கணினி ஒரு வருஷம் முழுக்க 4,000 போனது. அதே செப்டம்பரில், மதுரையில் பிறந்த சுந்தர் பிச்சை டெல்லியில் நின்று, 6,399 ரூபாயில் ஆண்ட்ராய்டு ஒன் போன்களை அறிமுகப்படுத்தினார். நவம்பர் 1-ம் தேதி ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை மூடப்பட்டது. எங்கள் சித்தப்பா மகள் உட்பட எத்தனையோ பெண்பிள்ளைகள் அங்கிருந்து வீடு திரும்பினார்கள். அந்தத் தீபாவளிக்குத்தான் நான் மெஜஸ்டிக் நேஷனல் மார்க்கெட்டில் பேரம் பேசி அம்மாவுக்குப் போன் வாங்கியிருந்தேன். சித்தி வீட்டில் அதை வெளியே எடுக்கக் கூச்சமாக இருந்தது.

*

வாங்கினதைச் சொல்லியாயிற்று. வாழ்ந்ததைச் சொல்ல வேண்டாமா?

முதல் தொல்லை தமிழ். ஆண்ட்ராய்டு 2.3 காலத்து மலிவு போன் பலவற்றில் தமிழ் எழுத்துருவே கிடையாது. தமிழ்ப் பக்கத்தைத் திறந்தால் கட்டம் கட்டமாக, ஏதோ குறுக்கெழுத்துப் போட்டி மாதிரி வரும். அப்போது நம் மக்கள் கண்டுபிடித்த வித்தை ஓப்பரா மினி. முகவரிப் பட்டையில் கான்ஃபிக் பக்கத்தை வரவழைத்து, கடினமான எழுத்துகளைப் படமாகக் காட்டு என்கிற ஒரு வரியில் 'யெஸ்' கொடுத்தால், அவர்களுடைய சர்வரே தமிழை வரைந்து அனுப்பும். அந்த வித்தையை எத்தனை பேருக்குப் போனிலேயே சொல்லிக் கொடுத்திருப்பேன்! தட்டச்சுக்கு, மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் வந்தது. போனின் மெனு, அறிவிப்பு எல்லாமே தமிழில் என்பது 2014 கடைசியில் வந்த ஆண்ட்ராய்டு 5-ல்தான். அம்மாவின் போனோ 4.4. அப்டேட் வருமா என்று கடைக்காரரிடம் கேட்டேன். "அடுத்த போன்லே பரும் சார்" என்றார் கன்னடத் தமிழில். மலிவு போனின் தத்துவத்தை அதைவிடச் சுருக்கமாக யாரும் சொன்னதில்லை.

இரண்டாவது, இடம். அட்டைப்பெட்டியில் 4 ஜி.பி. என்று போட்டிருக்கும். அதில் பாதியை ஆண்ட்ராய்டே தின்றுவிடும். மீதியில் வாட்ஸப். வாட்ஸப்பில் சொந்தக்காரர்கள். காலை வணக்கம், முருகன், ரோஜாப்பூ, ஏலக்காயின் மருத்துவ குணம், கல்யாண வீடியோ. மெமரி கார்டு போட்டுக் கொடுத்தேன். படங்கள் கார்டுக்குப் போகும், ஆனால் வாட்ஸப் தன் சரக்கை உள்ளேதான் இறக்கும். கார்டு காலியாக இருக்க போன் நிரம்பி வழியும். இதை அம்மாவுக்கு விளக்க நான் பட்ட பாடு! "மாடி ரூம் சும்மாதான கெடக்கு, அங்க தூக்கிப் போட வேண்டியதுதான?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. பதில் இல்லை.

வருஷத்துக்கு இரண்டு தடவை ஊருக்குப் போகும்போது முதல் ராத்திரி என் வேலை, அம்மா போனில் உட்கார்ந்து அழிப்பது. வெளியூரில் பிள்ளை இருக்கிற வீடுகளில் எல்லாம் இந்தச் சடங்கு நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். தங்கமணி அவள் அம்மா போனுக்கு, நான் எங்கள் அம்மா போனுக்கு.

*

2016 செப்டம்பர் 12, திங்கட்கிழமை. தமிழகத்துக்குத் தண்ணீர் விடச் சொன்ன ஆணையை உச்ச நீதிமன்றம் அன்று கொஞ்சம் மாற்றி, நாளைக்கு 12,000 கனஅடி வீதம் 20-ம் தேதி வரை விடச் சொன்னது. மத்தியானத்திலிருந்தே ஊர் கெட்டுவிட்டது. தமிழ்நாட்டுப் பதிவெண் வண்டிகளைத் தேடித்தேடி எரித்தார்கள். மைசூர் ரோடு பக்கம் கே.பி.என். பேருந்துகள் நின்ற இடத்தில் 40-க்கும் மேல் ஒரே இடத்தில் எரிந்தன. அந்தக் கரும்புகையை யார் யாரோ மாடியில் நின்று படம் எடுத்தார்கள். ஐயாயிரம், ஆறாயிரம் ரூபாய் போன்கள்தான், அந்தப் புகையைத் தெளிவாக எடுக்க அது போதும்.

இந்த ஊருக்கு இது புதுசில்லை. 2012 ஆகஸ்டில் வடகிழக்கு மாநிலத்துப் பிள்ளைகளை அடிக்கப் போகிறார்கள் என்று வதந்தி பரவி, ஆயிரக்கணக்கானவர்கள் குவஹாத்தி ரயிலுக்கு முட்டி மோதினார்கள். ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் எஸ்.எம்.எஸ். அனுப்பக்கூடாது என்று மத்திய அரசு தடை போட்டது. அன்றைக்கு அது எழுத்து. 2016-ல் அது ஓடுகிற படம்.

நான் மகாதேவபுராவில் ஆபீசில் இருந்தேன். என் பைக் டி.என். பலகை. அங்கேயே விட்டுவிட்டு நடந்து போகலாம் என்று முடிவு பண்ணினேன். கிளம்பும் முன் மாடிப்படியில் நின்று, அம்மாவுக்கு வாட்ஸப்பில் குரலில் ஒரு சேதி அனுப்பினேன். "அம்மா, நான் நல்லாருக்கேன், நடந்து வீட்டுக்குப் போறேன், போன் எடுக்கலன்னா பயப்படாத." கிசுகிசுவென்றுதான் பேசினேன். பதினாலு வருஷமாக இருக்கிற ஊரில், சொந்த மொழியைக் கிசுகிசுக்க வேண்டியிருந்தது அன்றைக்குத்தான்.

பிறகு இன்னொன்று உறைத்தது. என் ரிங்டோன் இளையராஜா பாட்டு, தமிழ் வரிகளோடு. சைலன்ட்டில் போட்டேன்.

ஒன்றரை மணி நேரம் நடை. வழியில் எனக்கு ஒன்றும் ஆகவில்லை, அதையும் சொல்ல வேண்டும். ஓரிடத்தில் டயர் எரிந்தது, சுற்றிப் போனேன். வீட்டு வாசலில் கீழ்வீட்டு கன்னட ஆன்ட்டி எனக்காகவே நின்றுகொண்டிருந்தார். "ஹொரகெ ஹோகபேடி" என்று, வெளியே போகக்கூடாதென்று உள்ளே தள்ளி, கேட்டைப் பூட்டினார். அன்றிரவு 16 காவல் நிலைய எல்லைகளில் ஊரடங்கு.

போனை எடுத்துப் பார்த்தேன். அம்மாவிடமிருந்து 31 தவறிய அழைப்புகள்.

திருப்பி அழைத்தால் அந்தப் பக்கம் பேச்சே வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான், "பஸ்ஸெல்லாம் எரியுதே எய்யா, பஸ்ஸெல்லாம் எரியுதே" என்று வந்தது. எனக்கே தெரியாத காட்சிகள் எல்லாம் அம்மாவுக்குத் தெரிந்திருந்தன. ஒரு பையனை நிற்க வைத்து அடிக்கிற வீடியோவைப் பார்த்துவிட்டு, அவன் நான்தானோ என்று திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள். சின்னத் திரை, மங்கலான படம், முகம் தெரியவில்லை.

"நான்தான் பேசி அனுப்பியிருந்தேனேம்மா?"

"எங்கய்யா அனுப்புன? ஒரு வட்டம் சுத்துச்சு, சுத்திக்கிட்டே இருந்துச்சு."

ஓனர் ஐயாவிடம் மறுநாள் போனில் இதைச் சொன்னேன். நாங்கள் வேறு வீடு மாறியிருந்தாலும் தொடர்பு விடவில்லை. எல்லாம் கேட்டுவிட்டு, "ஒங்க ஊர்ல இப்ப அரிசி மில் இல்லியா தம்பி?" என்றார். ஜோக் அடிக்கிறாரோ என்று முதலில் நினைத்தேன்.

*

அதற்குப் பிறகு மலிவு போன் எங்கெங்கோ போய்விட்டது. கலவரத்துக்குச் சரியாக ஒரு வாரம் முன்னால், செப்டம்பர் 5-ல் ஜியோ வந்தது. நவம்பரில் ரூபாய் நோட்டு செல்லாமல் போனது, டிசம்பர் 30-ல் பீம் செயலி வந்தது. இன்றைக்கு எங்கள் தெருமுனை டீக்கடையில் (தர்மபுரிக்காரர்) ஒரு சின்னப் பெட்டி, இருபது ரூபாய் வந்துவிட்டது என்று கன்னடத்தில் சத்தமாகச் சொல்கிறது. எழுதப்படிக்கத் தெரியாதவருக்கு வாய்விட்டுச் சொல்லும் கருவி! இந்திய அறிவியல் கழகத்துக்காரர்கள் யாராவது அந்தக் கடையில் டீ குடித்தால் என்ன நினைப்பார்கள் என்று எனக்கு அடிக்கடி தோன்றும். 2025 ஜூலையில், யு.பி.ஐ.யில் வந்த பணத்தைக் கணக்குப் பார்த்து மாநில வணிகவரித் துறை சிறு வியாபாரிகளுக்கு நோட்டீஸ் அனுப்ப, நகரெங்கும் கடைக்காரர்கள் க்யூ.ஆர். அட்டையைக் கிழித்து, ரொக்கம் மட்டும் என்று எழுதி ஒட்டினார்கள். நம்ம டீக்கடைக்காரரும் அட்டையை உள்ளே வைத்தார். "போன் நமக்குத்தான் சொந்தம்னு நெனச்சேன் சார், அது ஊருக்கெல்லாம் கணக்கு சொல்லுது" என்றார். சில வாரத்தில் அட்டை திரும்ப வெளியே வந்தது. அது இல்லாமல் யாரும் டீ குடிப்பதில்லை.

இனி பரணிலிருந்து எடுத்த போனுக்கு வருகிறேன். அம்மா இரண்டு போன் மாற்றிவிட்டார்கள். இப்போது இருப்பது 128 ஜி.பி. மெனு எல்லாம் தமிழில். பழையதில் அப்பா படம் ஏதாவது இருந்தால் எடுத்துக்கொள்ளலாம் என்று லேப்டாப்பில் செருகி, வாட்ஸப் ஃபோல்டரைத் திறந்து தேதிவாரியாக அடுக்கினேன்.

2016 செப்டம்பர் 12. பேருந்து எரிகிற வீடியோ. அதற்குக் கீழே அதே வீடியோ. அதற்கும் கீழே அதே. மொத்தம் ஏழு. அக்கா, பெரியம்மா பையன், மகளிர் சுய உதவிக் குழு, பால்காரர், இன்னும் யார் யாரோ, ஏழு பேர் அனுப்பி, ஏழும் தனித்தனியாக இறங்கி உட்கார்ந்திருக்கிறது. எல்லோரும் அக்கறையில் அனுப்பியவர்கள்தான், "ஒங்க மவன் அங்கதான இருக்கான்" என்று. குரல் சேதிகள் இருக்கிற ஃபோல்டரில் அந்தத் தேதியில் ஒன்றும் இல்லை. நான் மாடிப்படியில் நின்று பேசியது வந்து இறங்க இடமில்லாமல் வெளியிலேயே நின்றுவிட்டது.

அம்மா அடுப்படியில் இருந்தார்கள். போனைக் காட்டி விவரத்தைச் சொன்னேன். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கி, ஏழையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள்.

"அதான் அன்னைக்கே சொன்னம்லாய்யா, எடம் இல்லன்னு."